சப்வூஃபர் பாக்ஸ் எத்தனை லிட்டர் வைக்கணும்? கணக்குல ஆரம்பிச்சு பலகை வெட்டுற வரைக்கும்

"12 இன்ச் சப்வூஃபர் வாங்கிட்டேன், பாக்ஸ் எவ்ளோ பெருசா அடிக்கணும்?"னு கேட்டா உடனே ஒரு லிட்டர் கணக்கு சொல்றவங்கள நம்பாதீங்க. 12 இன்ச்ங்கிறது ஃப்ரேமோட அகலம், அவ்ளோதான். ஒரு 12 இன்ச் டிரைவர் (பாக்ஸ் இல்லாத வெறும் ஸ்பீக்கர்) 25 லிட்டர் பாக்ஸ்லயே அழகா பாடும், இன்னொரு 12 இன்ச்ச அதே பாக்ஸ்ல மாட்டினா மூச்சு முட்டி ஒரே சுருதில "டொம் டொம்"னு அடிக்கும். இன்ச்ச மட்டும் பாத்து பாக்ஸ் அடிக்கிறது செருப்பு சைஸ கேட்டு சட்டை தைக்கிற மாதிரிதான். பாக்ஸ் சைஸ முடிவு பண்றது டிரைவரோட டேட்டா ஷீட்ல இருக்கிற மூணு நம்பர். அந்த மூணும், ஒரு கால்குலேட்டரும், ஒரு டேப்பும் இருந்தா போதும்.

கணக்குக்கு முன்னாடி, பாக்ஸ் உண்மையில என்ன வேலை பண்ணுதுனு ஒரு நிமிஷம் பாத்துடலாம், இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். டிரைவர்ல ஆடுற கூம்பு, அதாவது கோன், முன்னாடி தள்ளும்போது முன்பக்கம் காத்து அழுந்தும், பின்பக்கம் அதே அளவு இழுபடும், ரெண்டும் சுத்தி வந்து சேர்ந்தா பேஸ் அடிச்சுப்போயிடும், அதனாலதான் வெறும் டிரைவர கையில புடிச்சு ஓட்டினா பேஸே வராது. பாக்ஸ் அந்தப் பின்பக்க சத்தத்த அடைச்சு வைக்குது. ஆனா அடைச்சு வச்ச காத்து சும்மா இருக்காது, ஒரு ஸ்பிரிங் மாதிரி கோன திருப்பித் தள்ளும். பாக்ஸ் சின்னதா இருந்தா ஸ்பிரிங் இறுக்கம், பெருசா இருந்தா ஸ்பிரிங் தளர்வு. 1954ல எட்கர் வில்ச்சர்ங்கிறவர் இந்தக் காத்து ஸ்பிரிங்கையே நம்பி, கோன புடிச்சு வச்சிருக்கிற சஸ்பென்ஷன ரொம்ப லூஸா வச்சு, சின்னப் பெட்டியில ஆழமான பேஸ் வர வச்சாரு. அப்புறம் 1961ல ஆஸ்திரேலியாவுல நெவில் தீல், 1970கள் தொடக்கத்துல ரிச்சர்ட் ஸ்மால், ரெண்டு பேரும் சேர்ந்து இத முழுக்கக் கணக்கா மாத்திட்டாங்க. டேட்டா ஷீட்ல "தீல் ஸ்மால் பாராமீட்டர்ஸ்"னு போட்டிருக்கிறது இவங்க பேருதான்.

ஸ்டெப் 1: மூணு நம்பர எடுத்து வைங்க

எஃப்எஸ்: டிரைவர் பாக்ஸ் இல்லாம தன்னால அதிரத் துடிக்கிற ஃப்ரீக்வென்சி. சப்வூஃபர்னா பெரும்பாலும் 20லருந்து 40 ஹெர்ட்ஸுக்குள்ள இருக்கும்.

விஏஎஸ்: லிட்டர்ல குடுத்திருப்பாங்க. டிரைவரோட சஸ்பென்ஷன் எவ்ளோ விறைப்போ அதே விறைப்பு எத்தனை லிட்டர் காத்துக்கு இருக்கும்ங்கிற கணக்கு. இதப் பாத்துட்டு "விஏஎஸ் 65 லிட்டர், அப்ப பாக்ஸும் 65 லிட்டர்"னு எடுத்துக்கிறவங்க இருக்காங்க, அது தப்பு, இது பாக்ஸ் சைஸே கிடையாது.

க்யூடிஎஸ்: இதுதான் ரொம்ப முக்கியம். கோன் ஆட ஆரம்பிச்சா எவ்ளோ சீக்கிரம் அடங்கும்ங்கிறத சொல்ற நம்பர். கம்மியா இருந்தா மேக்னெட் கோன நல்லா புடிச்சு வச்சிருக்குனு அர்த்தம், அதிகமா இருந்தா கோன் கொஞ்சம் அவுத்துவிட்ட மாடு. இதுகூடவே க்யூஇஎஸ்னு ஒண்ணு இருக்கும், அதையும் குறிச்சு வச்சுக்கங்க, அடுத்த ஸ்டெப்ல வேணும்.

டபுள் வாய்ஸ் காயில் டிரைவரா இருந்தா ஒரு விஷயம் கவனிங்க. ரெண்டு காயிலையும் சீரியஸ்ல போட்டாலும் பேரலல்ல போட்டாலும் க்யூடிஎஸ் மாறாது, ஆனா ஒரு காயில மட்டும் கனெக்ட் பண்ணிட்டு இன்னொண்ண சும்மா விட்டா க்யூஇஎஸ் ரெண்டு மடங்காயிடும், அப்ப இந்தக் கணக்கு மொத்தமும் செல்லாது.

"புது டிரைவர் ஓட ஓட லூஸாகும், அப்ப நம்பர் மாறிடுமே"னு பயப்படுறவங்களுக்கு: மாறும்தான், எஃப்எஸ் இறங்கும், விஏஎஸ் ஏறும், ஆனா ரெண்டும் ஒண்ண ஒண்ணு ஈடுகட்டிக்கும், பாக்ஸ்ல போட்டதுக்கப்புறம் பெரிய வித்தியாசம் தெரியாது. இதுக்காகத் தூக்கத்த கெடுத்துக்க வேணாம்.

உதாரணத்துக்கு ஒரு டிரைவர எடுத்துக்குவோம், கடைசி வரைக்கும் இதையே வச்சுப் போவோம். 12 இன்ச், எஃப்எஸ் 28 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.42, க்யூஇஎஸ் 0.46, விஏஎஸ் 65 லிட்டர்.

ஸ்டெப் 2: சீல்டா, போர்ட்டடா?

சீல்டுனா முழுக்க மூடின பாக்ஸ், போர்ட்டடுனா காத்து போய்வர ஒரு பைப் (போர்ட்) வச்ச பாக்ஸ். எஃப்எஸ்ஸ க்யூஇஎஸ்ஸால வகுங்க. 50க்கு கீழ வந்தா சீல்டு பாக்ஸ், 100க்கு பக்கத்துலயோ மேலயோ வந்தா போர்ட்டடு, நடுவுல வந்தா ரெண்டுக்கும் ஒத்துவரும். நம்ம டிரைவருக்கு 28 ÷ 0.46 = 61. நடுவுல வருது, அதனால ரெண்டையும் போட்டுப் பாக்கலாம்.

இது ஒரு குத்துமதிப்பு ரூல்தான், சட்டம் இல்ல. என் கருத்து என்னன்னா முதல் தடவ பாக்ஸ் அடிக்கிறவங்க கண்ண மூடிட்டு சீல்டு போங்க. சீல்டு பாக்ஸ் தப்ப மன்னிக்கும், போர்ட்டடு மன்னிக்காது. அது எவ்ளோ மன்னிக்கும்னு அடுத்த கணக்குலயே தெரிஞ்சிடும்.

ஸ்டெப் 3: சீல்டு பாக்ஸ் கணக்கு

பாக்ஸுக்குள்ள போட்டதும் டிரைவரோட க்யூ ஏறும், காத்து ஸ்பிரிங்கும் சேர்ந்துக்கிறதால. அந்தப் புது நம்பருக்கு க்யூடிசினு பேரு. நாம முதல்ல எந்த க்யூடிசி வேணும்னு முடிவு பண்ணிட்டு அதுலருந்து லிட்டருக்குப் போறோம். 0.707 வச்சா ரெஸ்பான்ஸ் தட்டையா போய் அழகா இறங்கும், பெரும்பாலானவங்க இங்கதான் நிக்கிறாங்க. 0.5 வச்சா ரொம்பக் கட்டுப்பாடான சத்தம், ஆனா பாக்ஸ் பெருசாகும், பேஸ் முன்னாடியே மெலிய ஆரம்பிக்கும். 1.0 போனா 1.25 டெசிபல் அளவுக்கு ஒரு மேடு வரும், பாட்டு கேக்க கும்முனு இருக்கும், கொஞ்ச நாள்ல சலிச்சிடும்.

பாக்ஸ் லிட்டர் = விஏஎஸ் ÷ ((க்யூடிசி ÷ க்யூடிஎஸ்)² − 1)

நம்ம டிரைவருக்கு போட்டுப் பாப்போம். 0.707 ÷ 0.42 = 1.683. அத ஸ்கொயர் பண்ணா 2.83. ஒண்ணு கழிச்சா 1.83. 65 ÷ 1.83 = 35.5 லிட்டர். பாக்ஸுக்குள்ள டிரைவரோட ஃப்ரீக்வென்சி எவ்ளோ ஆகும்னா 28 × 1.683 = 47 ஹெர்ட்ஸ். 0.707 வச்சா அந்த 47லதான் சத்தம் 3 டெசிபல் இறங்கியிருக்கும், அதுக்குக் கீழ ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (ஃப்ரீக்வென்சி பாதியாகிற ஒவ்வொரு தடவையும்) 12 டெசிபல் வீதம் இறங்கிக்கிட்டே போகும்.

இப்ப அந்த மன்னிக்கிற விஷயம். 35.5க்கு பதிலா 25 லிட்டர்தான் இடம் இருக்குனு வச்சுக்கங்க, க்யூடிசி 0.80 ஆகும், ஃப்ரீக்வென்சி 53க்கு போகும். 50 லிட்டர் அடிச்சா க்யூடிசி 0.64, ஃப்ரீக்வென்சி 42.5. பாக்ஸ் ரெண்டு மடங்கு மாறியும் சத்தத்துல வர்ற மாற்றம் இவ்ளோதான். அதனால 35.5ங்கிறத 36 ஆக்கலாமா 35 ஆக்கலாமானு யாராவது சண்டை போட்டா கண்டுக்காம போயிடுங்க.

கால்குலேட்டர்ல மைனஸ் நம்பர் வந்தா? உங்க டிரைவரோட க்யூடிஎஸ்ஸே 0.707க்கு மேல இருக்குனு அர்த்தம். எவ்ளோ பெரிய பாக்ஸ் அடிச்சாலும் அந்த க்யூடிசி கிடைக்காது. அந்த மாதிரி டிரைவர் பாக்ஸே இல்லாம பலகையில மாட்டி ஓட்டுறதுக்குனு பண்ணது, பாக்ஸுக்கு வேற டிரைவர பாருங்க.

ஸ்டெப் 4: போர்ட்டடு பாக்ஸ் கணக்கு

போர்ட்ல இருக்கிற காத்து ஒரு எடை மாதிரி, பாக்ஸ்ல இருக்கிற காத்து ஸ்பிரிங் மாதிரி. காலி பாட்டில் வாய்ல ஊதினா "பூம்"னு ஒரே சுருதி வருதே, அதேதான். அந்த சுருதிக்குப் பேரு ட்யூனிங் ஃப்ரீக்வென்சி. அந்த இடத்துல கோன் கிட்டத்தட்ட அசையாம நிக்கும், சத்தம் முழுக்க போர்ட்லருந்துதான் வரும்.

பாக்ஸ் லிட்டர் = 15 × (க்யூடிஎஸ்ஸோட 2.87 பவர்) × விஏஎஸ்

ட்யூனிங் = 0.42 × எஃப்எஸ் ÷ (க்யூடிஎஸ்ஸோட 0.9 பவர்)

மொபைல் கால்குலேட்டர நிறைய ஃபோன்ல பக்கவாட்டுல திருப்பினா பவர் பட்டன் வந்துடும். 0.42 பவர் 2.87 போட்டா 0.083 வரும். 15 × 0.083 × 65 = 81 லிட்டர். ட்யூனிங் 25.7 ஹெர்ட்ஸ். சத்தம் 3 டெசிபல் இறங்குறதே 25 ஹெர்ட்ஸ் கிட்டதான், சீல்டுல 47னு பாத்தோமே, வித்தியாசம் புரியுதா. ஆனா பாக்ஸும் ரெண்டு மடங்குக்கு மேல ஆயிடுச்சு. ஓசில எதுவும் கிடைக்காது. கேஎல்எச்ங்கிற ஸ்பீக்கர் கம்பெனி பேருல இருக்கிற "எச்", ஜோசஃப் ஹாஃப்மன், இததான் ஒரு விதியாவே சொன்னாரு: சின்ன பாக்ஸ், ஆழமான பேஸ், கம்மி பவர்லயே நல்ல சத்தம், இந்த மூணுல ரெண்டுதான் எடுத்துக்கலாம்.

இந்த ஃபார்முலா க்யூடிஎஸ் 0.3லருந்து 0.5 வரைக்கும்தான் நியாயமான விடை தரும். 0.6 போட்டுப் பாருங்க, இதே விஏஎஸ்ஸுக்கு 225 லிட்டர்னு அலமாரி சைஸ்ல சொல்லும். 81 லிட்டர் அதிகம்னு தோணிச்சுன்னா வின்ஐஎஸ்டி மாதிரி இலவச சாஃப்ட்வேர்ல டிரைவர் நம்பர போட்டு 60 லிட்டர், 30 ஹெர்ட்ஸ்னு மாத்தி மாத்தி கிராஃப் எப்படி வருதுனு பாருங்க, மேடு பள்ளம் பெருசா இல்லேனா தாராளமா எடுத்துக்கலாம்.

அடுத்தது போர்ட் நீளம், இதுலதான் நிறைய பேரு மாட்டிக்கிறாங்க.

நீளம் செமீல = (23562 × விட்டம்²) ÷ (ட்யூனிங்² × லிட்டர்) − (0.732 × விட்டம்)

விட்டம்ங்கிறது பைப்போட உள்விட்டம், செமீல. ஒரு முனை பலகையோட ஒட்டி, இன்னொரு முனை பாக்ஸுக்குள்ள சும்மா நிக்கிற பைப்புக்குத்தான் இந்த 0.732. நம்ம 81 லிட்டர், 25.7 ஹெர்ட்ஸுக்கு 10 செமீ பைப் எடுத்தா 37 செமீ நீளம். 7.5 செமீ பைப்னா 19 செமீ போதும், உள்ள ஈஸியா அடங்கும், ஆனா கொஞ்சம் வால்யூம் ஏத்தினாலே காத்து புஸ்ஸு புஸ்ஸுனு சத்தம் போடும். சரி பெருசா போடுவோம்னு 15 செமீ பைப் எடுத்தா 88 செமீ நீளம் கேக்குது, பாக்ஸுக்குள்ள எங்க போறது? போர்ட்ல காத்து வேகம் நொடிக்கு 17 மீட்டரத் தாண்டாம இருந்தா நல்லதுனு பொதுவா சொல்வாங்க, அதையும் சாஃப்ட்வேர்ல பாத்துக்கலாம். நடுத்தர வால்யூமுக்கு 10 செமீ, ரெண்டு முனையும் வாய் விரிஞ்ச மாதிரி இருக்கிற பைப் கிடைச்சா இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கை: ட்யூனிங்குக்கு கீழ போனா கோனுக்குப் புடிமானமே கிடையாது, பின்னாடி ஸ்பிரிங் இல்லாத மாதிரி தலைதெறிக்க ஆடும். ஆம்ப்ல சப்சானிக் ஃபில்டர் (ரொம்பக் கீழ இருக்கிற ஃப்ரீக்வென்சிய வெட்டுறது) இருந்தா ட்யூனிங்குக்குக் கொஞ்சம் கீழ செட் பண்ணிடுங்க. இல்லாத ஆம்ப்னா மறுபடியும் சீல்டு பத்தி யோசிங்க.

ஸ்டெப் 5: எந்த இடத்துல வைக்கப் போறீங்க?

இத நிறைய பேரு கணக்குலயே சேக்கிறது இல்ல. மூடின இடத்துல, சத்தத்தோட அலையில பாதி அந்த இடத்தவிட நீளமாயிட்டா, அந்த இடமே பேஸ தூக்கிக் குடுக்கும். எங்க ஆரம்பிக்கும்னு தோராயமா பாக்க 171ஐ அந்த இடத்தோட நீளமான பக்கத்தால, மீட்டர்ல, வகுங்க. 5 மீட்டர் ரூம்னா 34 ஹெர்ட்ஸ், 2.5 மீட்டர் கார் கேபின்னா 68 ஹெர்ட்ஸ். கார்ல 68க்கு கீழ சீல்டு பாக்ஸ் இறங்குற வேகமும் கேபின் தூக்குற வேகமும் கிட்டத்தட்ட சமமா வரும், அதனாலதான் கார்ல ஒரு குட்டி சீல்டு பாக்ஸே அவ்ளோ ஆழமா பேசுது. அதே பாக்ஸ வீட்டு ஹால்ல கொண்டு வந்து வச்சா "என்னய்யா இது, பேஸையே காணோம்"னு தோணும். பாக்ஸ் கெட்டுப்போகல, இடம் மாறிடுச்சு.

ஸ்டெப் 6: லிட்டர பலகையா மாத்துறது

கணக்குல வர்ற லிட்டர் டிரைவருக்குக் கிடைக்கிற வெறும் காத்து. பாக்ஸுக்குள்ள உக்காந்திருக்கிற ஒவ்வொரு பொருளும் அதுல பங்கு கேக்கும், அதையெல்லாம் கூட்டிக்கிட்டுதான் பலகை வெட்டணும். நான் முதல் பாக்ஸ் அடிச்சப்ப பண்ண கூத்து இதான், வெளி அளவ வச்சு லிட்டர் போட்டுட்டேன். 34 × 34 × 35.5 வெளி அளவுனு வச்சா 41 லிட்டர் மாதிரி தெரியும், 18 மிமீ பலகைனா நீளம், அகலம், ஆழம் ஒவ்வொண்ணுலயும் 3.6 செமீ போயிடும், உள்ள நிக்கிறது 29.5 லிட்டர்தான். அதுல டிரைவரோட மேக்னெட், உள்ள குறுக்க குடுத்த மரச்சட்டம் எல்லாம் போனா 24. முக்கால்வாசி ராத்திரி முழிச்சு பசை போட்டு ஒட்டுனதுக்கப்புறம்தான் இது மண்டையில உறைச்சுது.

சீல்டுக்கு சரியா பண்ணுவோம். தேவை 35.5. டிரைவர் அடைக்கிற இடம் டேட்டா ஷீட்ல இருக்கும், இல்லேன்னா 12 இன்ச்சுக்கு 3.5 லிட்டர்னு வச்சுக்கலாம். உள்ள குறுக்க குடுக்கிற சட்டத்துக்கு 2 லிட்டர். மொத்தம் 41. இது உள் அளவு. 41 லிட்டர்னா 41,000 கன செமீ. முன்பக்கம் டிரைவர் உக்காரணும், 34 × 34 வைப்போம், அப்ப ஆழம் 41,000 ÷ (34 × 34) = 35.5 செமீ. வெளி அளவு 18 மிமீ பலகைக்கு 37.6 × 37.6 × 39.1. ஆழத்த டிரைவரோட மவுண்டிங் டெப்த்தோட ஒத்துப் பாருங்க, மேக்னெட் பின்னாடி காத்து ஓட்டை இருந்தா அதுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு 4 செமீயாவது விடுங்க.

"இது சதுரமா வருதே, கோல்டன் ரேஷியோ 0.618க்கு 1க்கு 1.618 இருக்கணும்ல?" முழு ரேஞ்ச் ஸ்பீக்கருக்கு அந்தப் பேச்சுல அர்த்தம் இருக்கு. 34 செமீ சுவருக்கு நடுவுல நிக்கிற அலை 500 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்துல வரும், சப்வூஃபர நாம 80, 100லயே வெட்டிடுறோம், அப்புறம் அது வந்தா என்ன வராட்டி என்ன. இடத்துக்கு ஏத்த வடிவத்துல அடிங்க.

போர்ட்டடுக்கு 81, டிரைவர் 3.5, சட்டம் 3, அப்புறம் போர்ட் பைப் அடைக்கிற இடம். பைப்போட வெளிவிட்டம் 11 செமீ, நீளம் 37, அதுவே 3.5 லிட்டர். மொத்தம் 91. உள்ள 40 × 40 × 57 வச்சா 91.2 வருது. 57 ஆழத்துல 37 பைப் போக மீதி 20 செமீ இருக்கு, பைப்போட உள்வாய்க்கும் சுவருக்கும் நடுவுல பைப் விட்டம் அளவாவது இடைவெளி வேணும், இருக்கு, நல்லது. இங்க மட்டும் போர்ட் இடத்த மறந்தா ட்யூனிங் மேல ஏறிடும், 81 லிட்டர் 77.5 ஆகி 25.7 ஹெர்ட்ஸ் 26.3 ஆகும்.

காருக்கு சாய்வா அடிக்கிறவங்க மேல் ஆழத்தையும் கீழ் ஆழத்தையும் கூட்டி ரெண்டால வகுத்து அத ஆழமா எடுத்துக்கங்க, மத்தது அதே கணக்கு. டேட்டா ஷீட் கன அடில இருந்தா 28.3ஆல பெருக்குங்க, லிட்டர் வந்துடும். ரெண்டு டிரைவர ஒரே பாக்ஸ்ல போட்டா லிட்டர ரெண்டு மடங்காக்குங்க.

சந்தேகமா இருந்தா கொஞ்சம் பெருசாவே அடிங்க. பெருசா போயிட்டா உள்ள ஒரு மரக்கட்டைய திருகி வச்சு குறைச்சுக்கலாம். சின்னதா போயிட்டா இருக்கிற ஒரே வழி பாலியெஸ்டர் பஞ்சு. சீல்டு பாக்ஸ்ல லூஸா நிரப்பினா பாக்ஸ் 10லருந்து 20 சதவீதம் பெருசான மாதிரி நடந்துக்கும். போர்ட்டடுல நடுவுல நிரப்பாதீங்க, சுவர்ல மட்டும் ஒட்டுங்க, போர்ட் வாய்கிட்ட போகவே கூடாது.

ஸ்டெப் 7: அடிச்சது சரியானு அளந்து பாருங்க

இத யாரும் பண்றது இல்ல, ஆனா அரை மணி நேர வேலைதான். ஃபோன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் ஒண்ணு, 100 ஓம்ஸ் 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு, மல்டிமீட்டர் ஒண்ணு. ஆம்ப்லருந்து வர்ற ஒரு ஒயர்ல ரெசிஸ்டர சீரியஸ்ல போட்டு டிரைவருக்கு குடுங்க, மீட்டர ஏசி வோல்ட்ல வச்சு டிரைவரோட ரெண்டு முனையில புடிங்க, வால்யூம் கம்மியா. ஆம்ப்ல ஃபில்டர், பேஸ் பூஸ்ட் எல்லாம் ஆஃப். இப்ப 15 ஹெர்ட்ஸ்லருந்து 100 வரைக்கும் மெதுவா ஏத்துங்க.

சீல்டு பாக்ஸ்னா மீட்டர் ஒரே ஒரு இடத்துல உச்சத்துக்குப் போய் இறங்கும். நம்ம கணக்குப்படி 47ல வரணும். 52, 53ல வந்தா காத்து இடம் குறைஞ்சிருக்கு, பஞ்சு வைங்க. உச்சம் மொட்டையா, அகலமா வந்தா எங்கயோ காத்து கசியுது, டிரைவர் கேஸ்கெட்டையும் டெர்மினல் ஓட்டையையும் முதல்ல பாருங்க.

போர்ட்டடுல ரெண்டு உச்சம் வரும், நடுவுல ஒரு பள்ளம். பள்ளம் இருக்கிற ஃப்ரீக்வென்சிதான் ட்யூனிங். மீட்டர் இல்லேனா ரெசிஸ்டர எடுத்துட்டு, கம்மி வால்யூம்லயே டோன ஏத்தி இறக்கி, எங்க கோன் ஆட்டம் நிக்குதுனு கண்ணால பாத்தாகூட ஓரளவு புடிச்சிடலாம். இதுக்காகவே பைப்ப முதல்ல 37க்கு பதிலா 40 செமீயா வெட்டி, பசை போடாம, டேப் சுத்தி இறுக்கமா சொருகுங்க. 40ல ட்யூனிங் 24.8க்கு பக்கத்துல வரணும், அப்படியே 1 செமீ 1 செமீயா வெட்டி அளந்து மேல கொண்டு வாங்க, 3 செமீ வெட்டினாலும் 1 ஹெர்ட்ஸ்கூட முழுசா மாறாது, அதனால அவசரப்பட வேணாம். 25.7 பக்கத்துல பள்ளம் வந்து நின்னதும் பைப்ப வெளிய எடுத்து, பசை தடவி, திருப்பி சொருகி ஒரு ராத்திரி காய விடுங்க.